ஆதிலிங்கம் அறைந்த கன்னங்கள்

என் அப்பா, ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஆதிலிங்கம், ஒரு வியாழக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கிணற்றடியில் விழுந்து இறந்தார். அவர் மூச்சு நின்ற அதே நேரத்தில், வாழ்நாளில் யார் யாரையெல்லாம் அவர் கன்னத்தில் அறைந்திருந்தாரோ அத்தனை பேர் கன்னத்திலும் ஐந்து விரல்கள் சிவப்பாக எழுந்தன.

பனையடித்துறையில் யாருக்கும் நாங்கள் ஆள் அனுப்பிச் சாவு சொல்ல வேண்டியிருக்கவில்லை. உப்பளத்தில் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களும், பஸ் நிலையத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்களும், வலையைக் காலில் மாட்டிப் பின்னிக்கொண்டிருந்தவர்களும், கோயிலில் கண்ணை மூடி நின்றவர்களும் ஒரே சமயத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். நிமிர்ந்தவர்கள் பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தார்கள். "செத்துட்டான் போல" என்று யாரோ ஒருவர் சொன்னார். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்றுதான் ஊர் தன்னைத் தானே பார்த்துக்கொண்டது. போலீஸ் ஸ்டேஷன் படியே மிதித்ததில்லை என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்லிவந்த கவுன்சிலரின் கன்னத்தில் விரல்கள் இருந்தன. ஏதோ ஒவ்வாமை என்றார், இறால் சாப்பிட்டதாகச் சொன்னார். பெண் கேட்டுப் போன இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா கன்னத்திலும் பெண்ணின் அப்பா கன்னத்திலும் ஒரே கை இருந்ததால் மற்ற எதையும் விசாரிக்காமலேயே வெற்றிலை மாற்றினார்கள். அதிகமான விரல்கள் போலீஸ்காரர்கள் கன்னத்திலேயே இருந்தன. அப்பாவுக்குக் கீழே வேலை பார்த்த ஏட்டுகளும் கான்ஸ்டபிள்களும் துக்கத்துக்கு வந்தபோது வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள், அடித்த கைக்குக் கீழே கன்னம் சிவந்திருந்தது.

நான் இதையெல்லாம் பிறகுதான் பார்த்தேன். முதலில் பார்த்தது அம்மாவை. கிணற்றடிக்கு நான் ஓடியபோது அவள் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவள் இடது கன்னத்தில் விரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, எண்ணிப் பிரிக்க முடியாதபடி, கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தன. மற்றவர்களுக்குச் சிவப்பு. அவளுக்குக் கருஞ்சிவப்பு.

என் கன்னத்தில் எதுவும் இல்லை. கண்ணாடியில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அப்பா என்னை அறைந்ததில்லை. அதற்குக் காரணம் அன்பா, அலட்சியமா, ஒருவேளை நான் அந்த வீட்டில் இருந்ததே அவர் கவனத்தில் படவில்லையா என்று ஐம்பத்துமூன்று வயதில் யோசிக்கத் தொடங்கினேன், இன்னும் முடிக்கவில்லை. அவர் என்னைத் தூக்கியதும் இல்லை, தோளில் தட்டியதும் இல்லை. அவர் கை என்மீது பட்டதாக எந்த ஞாபகமும் எனக்கு இல்லை.

அவர் பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்து, பதினைந்து வருடம் கப்பலில் இருந்துவிட்டு, ஊர் திரும்பிப் போலீசில் சேர்ந்தவர். கடல் அவரை விட்டுப் போகவே இல்லை. வீட்டுத் தரையை டெக் என்றுதான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அதை மண்டியிட்டுத் தேய்க்க வேண்டும், தேய்த்த பிறகு வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு மூலையில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கைக்குட்டை வெள்ளையாகவே இருக்கும் நாட்களில் அம்மா அடுப்படிக்குப் போவாள். மற்ற நாட்களில் என்ன நடந்தது என்பதை இப்போது அவள் கன்னத்தைப் பார்த்து ஊரே தெரிந்துகொண்டது.

சாயங்காலம் எரித்தோம். நான்தான் கொள்ளி வைத்தேன். சுடுகாட்டில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. யாரும் கலையவில்லை. உடம்பு எரிந்து முடிந்தால் விரல்களும் போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அதனால் கபாலம் வெடிக்கும் வரை கன்னத்தைத் தடவிக்கொண்டே நின்றார்கள். போகவில்லை. ஒருவர் தீயைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு, "செத்தும் கைய எடுக்க மாட்டேங்கானே" என்றார். என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார்.

கன்னத்தில் எழுந்த விரல்கள் எரிந்தன என்பதுதான் தொல்லை. மஞ்சள் பூசியும் எண்ணெய் தடவியும் போகவில்லை. அந்தப் பக்கமாகத் தலை வைத்துப் படுக்க முடியவில்லை. அறை விழுந்த அந்த நிமிடத்தின் சூடு அப்படியே, ஒரு துளி ஆறாமல், இருபது முப்பது வருடம் கழித்து வந்து உட்கார்ந்திருந்தது. என் தாய்மாமா தாணுலிங்கம் ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார். அதில் அப்பா ஒரு பக்கம் கடற்படை வெள்ளையிலும் மறுபக்கம் காக்கியிலும் இருந்தார். போகிற வருகிறவர்கள் அந்தப் போஸ்டரை அறைந்து பார்த்தார்கள். சிலர் வெள்ளையை அறைந்தார்கள், சிலர் காக்கியை. சுவரில் பட்டுக் கை வலித்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் காரியத்துக்குப் பால் வாங்க நான் எசக்கிமுத்துவின் டீக்கடைக்குப் போனேன். எசக்கிமுத்து பாத்திரத்தில் பாலை ஊற்றிக்கொடுத்துவிட்டுக் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கக் கூடாது."

"என்ன எசக்கிமுத்து?"

"அப்பாவுக்குக் கொள்ளி வச்சது நீங்கதான?"

"ஆமா."

"அவிய வீடு, வாசல், பேரு எல்லாம் இனிமே ஒங்களுக்குத்தான?"

"ஆமா. எதுக்குக் கேக்கிய?"

அவர் வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என்னை அறைந்தார். பால் சிந்தியது. கடையில் இருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எசக்கிமுத்துவின் கன்னத்தைப் பார்த்தார்கள். தண்ணீரில் விழுந்த மை கலைவதுபோல விரல்கள் கலைந்து, சவரம் செய்யாத வெறும் கன்னம் தெரிந்தது.

"வெரலு போயிட்டு" என்றார் ஒருவர்.

எசக்கிமுத்து கண்ணாடியைப் பார்த்துக் கன்னத்தைத் தடவினார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "டீ ஆறிப்போச்சுன்னு அடிச்சாவ அண்ணாச்சி. ஆறவே இல்ல. ஆவி வந்துக்கிட்டிருந்துச்சு" என்றார். சிந்தியதற்குப் பதிலாக வேறு பால் ஊற்றிக்கொடுத்தார்.

நான் வீடு திரும்புவதற்குள் வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

அடிப்பதா வேண்டாமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. அப்பாவின் அஸ்தியைக் கடலில் கரைத்தவன் அப்பாவின் மற்றதையும் வாங்கிக்கொள்வான் என்பதில் ஊருக்குச் சந்தேகம் இல்லை. சாவுக்குப் போட்ட பந்தலைப் பிரிக்காமல் விட்டோம். மாமா பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். ஆளுக்கு ஒரு அறை, எதற்காக வாங்கினார் என்பதைச் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும், மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும் என்றும் அவரே விதி வைத்தார். பெண்களுக்குத் தனி வரிசை. வெளியூரில் அப்பா வேலை பார்த்த ஸ்டேஷன்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். துபாயில் இருந்த ஒருவர் போனில் முகம் காட்டித் திரையை அறைந்து பார்த்துவிட்டு, பயனில்லாமல் போகவே லீவு போட்டு வந்தார். குங்குமத்தால் விரல் வரைந்துகொண்டு வந்த ஒருவனை வேர்வை காட்டிக்கொடுத்தது. வரிசையில் நின்றவர்கள் அவனை விரட்டிவிட்டார்கள். அவன் போகும்போது, "எனக்கும் அந்தாளப் பிடிக்காதுவே, அதுக்கு ஒரு மரியாதை கெடையாதா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

என் அப்பாவின் வாழ்க்கையை நான் அப்படித்தான் கேட்டேன், முழுதாக, ஒவ்வொரு அறைக்கும் முன்னால் ஒரு வாக்கியமாக.

"சைக்கிள்ல லைட்டு இல்லன்னு."

"சார்னு சொல்லாம அண்ணாச்சின்னு கூப்பிட்டுட்டேன்."

"ஸ்டேஷன் முன்னால சிரிச்சேன். அவியளப் பாத்துச் சிரிக்கல."

"எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல தம்பி. தெரிஞ்சா சொல்லு."

உப்பளத்து வேலையில் கால் வெடித்துப்போன ஒரு வயதான பெண் வந்தாள். "மவன் எங்கன்னு கேட்டேன். அதுக்கு" என்று சொல்லிவிட்டு அடித்தாள். மற்றவர்கள் கன்னம் தெளிந்ததும் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு நகர்வார்கள். அவள் நகரவில்லை. "எம் மவன் எங்க?" என்று என்னிடம் கேட்டாள்.  மாமா, "அடுத்த ஆளு" என்றார்.

மாமாவே ஒரு நாள் கன்னத்தை மூடிச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். அதற்குக் கீழே அவருக்கும் இருந்தது. "மருமகனே, ஒனக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணுமில்ல. ஒங்க அம்மைய ஏன் அடிக்கியன்னு கேக்கப் போனேன், அதுக்கு வாங்கினது" என்று சொல்லி அடித்தார். அவர் அறைதான் எல்லாவற்றிலும் கனமாக இருந்தது. அப்பாவின் கை எப்படி இருந்திருக்கும் என்பதை நான் ஊர்க்காரர்களின் கைகளிலிருந்து தெரிந்துகொண்டேன். உள்ளுக்குள் ஒரு மூலையில், எனக்கும் கடைசியில் பங்கு கிடைத்துவிட்டது என்ற நிறைவு இருந்ததா? இருந்தது என்றால் நான் என்ன மாதிரி ஆள்? வீங்கிய முகத்தோடு யோசிப்பது எளிதாக இல்லை.

ஆனால் நான் பந்தலில் உட்கார்ந்தது அதற்காக இல்லை. அம்மாவுக்காக. ஊர் முழுக்க அடித்துத் தெளிந்த பிறகு, அதைப் பார்த்துப் பார்த்துக் கூச்சம் விட்டு, அவளும் வந்து அடிப்பாள், அந்தக் கருஞ்சிவப்பு கழுத்திலிருந்து மேலே ஏறிக் கலையும் என்று எண்ணியிருந்தேன். அவள் ஜன்னலுக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு அறையையும் பார்த்தாள். சாயங்காலம் வெந்நீரில் உப்புப் போட்டு என் கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்தாள்.

"நீயும் ஒண்ணு அடிச்சிரும்மா" என்றேன். "வீட்டுக்குள்ளயே. யாரும் பாக்க மாட்டாங்க."

"அவியளும் வீட்டுக்குள்ள, யாரும் பாக்காமத்தான் அடிச்சாவ" என்றாள்.

"இது போணும்லம்மா. எரியுதுல்ல?"

"எரியுது."

"பின்ன?"

துணியைப் பிழிந்து மறுபடி வைத்தாள். "ஒன்ன அடிச்சா அவியளுக்கு எப்படிப் போய்ச் சேரும்? எவனோ எங்கயோ செஞ்சதுக்குக் கையில கெடச்சவன அடிக்கது அவிய பழக்கம். ஊரும் இப்ப அதப் படிச்சிட்டு. எனக்கு வேண்டாம்."

பந்தலுக்கு ஒரு நாள் விசாகப்பட்டினத்திலிருந்து ஒரு முதியவர் வந்தார். அப்பலசாமி என்று பெயர், அப்பாவோடு கப்பலில் இருந்தவர். அவர் பேசிய தமிழ் முழுக்க அப்பாவிடம் கற்றது என்பதால், எது வசவு எது மரியாதை என்று அவருக்குத் தெரியவில்லை, "ஏலே, ஆதி வீடு இதுதானாலே?" என்று மாமாவிடமே கேட்டார். அவர் கன்னத்திலும் விரல்கள் இருந்தன. மாமா நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"நான் அடிக்க வரல. காட்ட வந்தேன்" என்றார். "எஞ்சின் ரூம்ல ஸ்டீம் பைப் வெடிச்சுது. எல்லாரும் மேல ஏறிட்டான். நான் ஏணிக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கேன். கை விட மாட்டேங்குது. பயம். ஆதி மேல போனவன் திரும்பி எறங்கி வந்தான். ஓங்கி ஒண்ணு விட்டான். கை விட்டுப்போச்சு. தூக்கிக்கிட்டு ஏறினான். அவன் யாரையும் அடிச்சு நான் அதுக்கு முன்னால பாத்ததில்ல. இந்த அறை இல்லன்னா நான் இல்லலே."

பந்தலில் இருந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை. "அப்ப ஓரமா நில்லுங்க பெரியவரே, லைன மறிக்காதிய" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். அப்பலசாமி ஓரமாகத்தான் நின்றார். அம்மா அவரை உள்ளே கூப்பிட்டு இலை போட்டாள். சாப்பிடும்போது அவர் கன்னத்தை அவளும், அவள் கன்னத்தை அவரும் பார்த்துக்கொண்டார்கள். அவர் பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு அழுதார். அவள் அழவில்லை.

அவர் போன பிறகு, "அவிய கையி ஒரு தடவ சரியா விழுந்திருக்கு" என்றாள். "அதுக்கப்புறம் போற எடமெல்லாம் கப்பல் பைப்பு வெடிக்குன்னு நெனச்சிருக்காவ."

பதினாறாம் நாளுக்குள் அம்மாவின் கன்னத்தைத் தவிர ஊரில் எல்லாக் கன்னங்களும் தெளிந்துவிட்டன. என் இடது கண் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் திருமண மண்டபத்தில் படத்திறப்பு. ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களின் சங்கமும் முன்னாள் படைவீரர் சங்கமும் சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தன. மேடையில் அப்பாவின் பெரிய படம் சிவப்புப் பட்டால் மூடியிருந்தது, பட்டிலிருந்து ஒரு கயிறு தொங்கியது. மாமா அம்மாவை மேடையில் இடது ஓரமாக, கன்னம் சுவரைப் பார்க்கும்படி உட்காரவைத்து, முந்தானையை அவரே இழுத்து முகத்தின் பாதியை மூடிவிட்டு, "இப்படியே இரு தாயீ. கயித்த இழுக்கும்போது மட்டும் எந்திரி" என்று சொல்லியிருந்தார்.

கூட்டம் நிரம்பியிருந்தது. எல்லோரும் புதிதாகச் சவரம் செய்திருந்தார்கள். நான் வசவை எதிர்பார்த்துப் போனேன். அதற்கு என்னைத் தயார்படுத்தியிருந்தேன். அவர்கள் பாராட்டத் தொடங்கினார்கள்.

கவுன்சிலர், அய்யா இருந்தவரை இந்த ஊரில் ஒரு சைக்கிள் திருடு போனதில்லை என்றார். சங்கத் தலைவர், இப்படிப்பட்ட அதிகாரிகள் இனிப் பிறக்கப்போவதில்லை என்றார். சைக்கிளில் லைட்டு இல்லாதவர் எழுந்து, அன்றிலிருந்து தான் இருட்டில் விழுந்ததே இல்லை என்றார். அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதை முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. கன்னத்தில் எரிவது நின்ற பிறகு அவர்களுக்கு அப்பாவைப் பிடித்துவிட்டது. ஒருவர் பேசப் பேச அடுத்தவர் ஞாபகம் இன்னும் கொஞ்சம் இனித்தது. மகன் எங்கே என்று கேட்ட பெண் மட்டும் வரவில்லை. வந்தாளா என்று நான் ஒரு கண்ணால் மண்டபம் முழுக்கத் தேடினேன்.

கடைசியில் எசக்கிமுத்து மைக்கைப் பிடித்தார்.

"அய்யா என்னை அடிச்சாவ. இல்லேங்கல. ஊருக்கே தெரியும்" என்றார். கூட்டம் சிரித்தது. "ஆனா எதுக்கு அடிச்சாவ? டீ ஆறிப்போச்சுன்னு. ஆறின டீய ஒருத்தனுக்குக் குடுக்கலாமா? அந்த ஒரு அறைதான் எனக்குத் தொழிலக் கத்துக்குடுத்துச்சு. இன்னைக்கு எங் கடையில சூடு கொறஞ்சு ஒரு டம்ளர் வெளிய போகாது."

கைதட்டினார்கள். மண்டபம் அதிர்ந்தது. சங்கத் தலைவர் எழுந்து, அய்யாவின் வாழ்க்கைத் துணைவியார் இப்போது படத்தைத் திறந்துவைப்பார் என்றார்.

அம்மா எழுந்தாள். படத்தின் பக்கம் போகாமல் மைக்கின் பக்கம் போனாள். எசக்கிமுத்து மரியாதையாக விலகிக்கொண்டார், ஆனால் மேடையை விட்டு இறங்கவில்லை. அவள் முந்தானையை முகத்திலிருந்து எடுத்து, இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டத்துக்கு இடது கன்னத்தைத் திருப்பினாள். மேடை விளக்கு நேராக அதன்மேல் விழுந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் பார்ப்பதற்காக எழுந்தார்கள், எழுந்தவர்கள் உட்கார மறந்தார்கள்.

"எசக்கிமுத்து" என்றாள். மைக்கில் அவள் குரலை யாரும் அதுவரை கேட்டதில்லை. "ஒங்களுக்குத் தொழிலக் கத்துக்குடுத்தாவ. சரி. எனக்கு எதக் கத்துக்குடுத்தாவன்னு சொல்லுங்க."

எசக்கிமுத்து வாயைத் திறந்தார். அவர் கை தானாக எழுந்து அவர் கன்னத்தைத் தொட்டது. அங்கே எதுவும் இல்லை. அவர் கையை எடுக்கவும் இல்லை. மண்டபத்தில் ஒவ்வொரு கையாக எழுந்து ஒவ்வொரு வெறும் கன்னத்துக்குப் போனதை நான் ஒரு கண்ணால் பார்த்தேன்.

"யாராவது சொல்லுங்க" என்றாள் அம்மா. "நான் நிக்கேன்."

நின்றாள். மின்விசிறிகள் ஓடின. சங்கத் தலைவர் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு மெதுவாக விட்டுவிட்டார். முதலில் போலீஸ்காரர்கள் தலையைக் குனிந்தார்கள். பிறகு முன்வரிசை. மாமா மேடைக்கு ஓடிவந்து, "தாயீ, மூடிக்கோ, போதும்" என்றார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் படியிலேயே நின்றுவிட்டார்.   நான் எழுந்துபோய் ஒரு நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன். உட்காரவில்லை. ஆனால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் படத்தத் தூக்கிக்கோ" என்றாள் என்னிடம். "துணியோட."

தூக்கிக்கொண்டேன். மண்டபத்தின் நடுவில் வழி விட்டார்கள். அவள் முன்னால் நடந்தாள், முந்தானை இடுப்பிலேயே இருந்தது. தெருவில் எசக்கிமுத்துவின் கடைப் பையன்கள் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்கள்.

படம் பட்டுத்துணியோடு எங்கள் முன்னறையில் மாட்டியிருக்கிறது. அம்மாவின் கன்னத்தில் விரல்கள் இருக்கின்றன. எரிகிறதா என்று நான் இப்போது கேட்பதில்லை. அடித்துவிடு என்றும் சொல்வதில்லை. காலையில் அவள் முகத்தை மூடாமல் மீன் வாங்கப் போகிறாள். அவள் சந்தைக்குள் நுழையும்போது அப்பாவைப் பற்றி யாராவது பேசிக்கொண்டிருந்தால், பேச்சை நிறுத்தி, அவள் கன்னத்தைப் பார்த்து, நடந்ததை நடந்தபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறார்கள்.